காய்ச்சலோடு வந்தவருக்கு எந்த ஊசி, எப்போது? ஏழை நாட்டு அவசரப் பிரிவுக்கான ஓர் ஒப்பீடு

இரவு ஒரு மணி. 34 வயதுப் பெண், நான்கு நாளாகக் காய்ச்சல். வெப்பம் 39.2 டிகிரி செல்சியஸ், பிபி 96/60, நிமிடத்துக்கு 24 மூச்சு. பெயர் கேட்டால் தெளிவாகச் சொல்கிறார். மலேரியா கார்டு சோதனை நெகட்டிவ். லேப் காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும். அலமாரியில் ஆன்டிபயாட்டிக்குகளில் செஃப்ட்ரியாக்சோன் குப்பிகள் இருக்கின்றன, கொஞ்சம் ஆம்பிசிலின், ஜென்டாமைசின், பாதி தீர்ந்த ஒரு டாக்சிசைக்ளின் பெட்டி. டியூட்டியில் ஒரே நர்ஸ். அவர் பொறுப்பில் ஏற்கெனவே இருபது பேர்.

போட்டுவிடலாமா, வேண்டாமா? பயிற்சி டாக்டர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி இது. அனுபவசாலிகளும் இரவு ஒரு மணிக்கு மனசுக்குள் இதையேதான் கேட்டுக்கொள்கிறார்கள். புத்தகத்தில் விடை இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் எழுதப்பட்ட ஊரில் லேப் இரவெல்லாம் திறந்திருக்கும், லாக்டேட் (நோயின் கடுமையைக் காட்டும் ரத்தச் சோதனை) சில நிமிடத்தில் வந்துவிடும், ஐசியூவில் படுக்கை கிடைக்கும்.

இரண்டு பக்கமும் பயம் நியாயமானதுதான். போடாமல் விட்டால் செப்சிஸில், அதாவது தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் நிலையில், உயிர் போய்விடலாம். எல்லோருக்கும் போட்டுக்கொண்டே இருந்தால் மருந்து வேலை செய்யாத நாள் வரும். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கில் இந்தச் சாவு விகிதம் மிக அதிகமாக இருந்தது மேற்கு ஆப்பிரிக்காவில். அதாவது மருந்து கிடைக்காமல் சாவதும் மருந்து வேலை செய்யாமல் சாவதும் ஒரே இடத்தில் நடக்கின்றன. "குறைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லும் அறிவுரை அங்கே பாதி அறிவுரைதான்.

நடைமுறையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. அவற்றை எடை போடுவதற்கு முன் தராசைச் சரிசெய்துகொள்வோம்.

## எதை வைத்து எடை போடுவது

நோயாளியால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? சர்வதேச செப்சிஸ் வழிகாட்டு நெறியின் 2021 பதிப்பு இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. ஷாக் (பிபி விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை) இருந்தாலோ செப்சிஸ் என்று ஏறக்குறைய உறுதியாகத் தெரிந்தாலோ ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக். ஷாக் இல்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால் விரைவாக ஆராய்ந்து, சந்தேகம் தீராவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள். நெதர்லாந்தில் சுமார் 2,700 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவுக்கு ஆம்புலன்ஸிலேயே செஃப்ட்ரியாக்சோன் போட்டார்கள், இன்னொரு குழுவுக்கு மருத்துவமனைக்கு வந்த பிறகுதான். 28ஆம் நாளில் இரு குழுவிலும் 8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அதில் பெரும்பாலோர் ஷாக்கில் இல்லாதவர்கள். "ஒவ்வொரு நிமிடமும்" என்ற பதற்றம் எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

காய்ச்சலுக்குக் காரணம் பாக்டீரியாதானா? தான்சானியாவில் வெளிநோயாளிப் பிரிவுக்குக் காய்ச்சலோடு வந்த 1,005 குழந்தைகளைத் துருவிப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. பத்தில் ஏழு குழந்தைகளுக்கு வைரஸ் நோய், பாக்டீரியா நோய் 22 சதவீதம். பெரியவர்களில், அதுவும் வார்டில் சேர்க்கும் அளவுக்கு நோயுற்றவர்களில், கணக்கு வேறு. எச்.ஐ.வி. பரவலாக உள்ள இடங்களில் ரத்தம் வரை பரவிய காசநோய் சாதாரண காய்ச்சல்போல வந்து நிற்கும்.

யாருடைய கை, யாருடைய பணம்? ஐவி ஊசிக்கு, அதாவது ரத்தக்குழாயில் போடும் ஊசிக்கு, கனுலா என்ற சின்னக் குழாய் வேண்டும், சிரிஞ்சு வேண்டும், கரைக்க ஒருவர் வேண்டும். மருத்துவமனையில் சரக்கு தீர்ந்திருந்தால் உறவினர் வெளியே போய் வாங்கி வர வேண்டும்.

அடுத்த நோயாளிக்கு என்ன மிஞ்சும்? கிருமிகளிடம் மருந்துக்கு எதிர்ப்பு உருவாவதைப் பற்றிய கணக்கு இது.

48 மணி நேரம் கழித்து இவரை யார் பார்ப்பார்கள்? பெரும்பாலான பட்டியல்களில் இந்தக் கேள்வி கடைசியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. என் தராசில் கனமானது இதுதான். ஏன் என்று ஐந்தாவது வழியில் சொல்கிறேன்.

நடுவே ஓர் எச்சரிக்கை. பணக்கார நாட்டு நெறியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று ஜாம்பியா காட்டியது. செப்சிஸும் தாழ்ந்த பிபியும் உள்ள பெரியவர்களுக்கு, பெரும்பாலும் எச்.ஐ.வி. உள்ளவர்கள், ட்ரிப்ஸும் பிபி ஏற்றும் மருந்தும் நெறிப்படி தாராளமாகக் கொடுத்த குழுவில் 48 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 33 சதவீதம். 2011இல் கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த சோதனையிலும் இதே கதைதான்: வேகமாக ட்ரிப்ஸ் ஏற்றிய குழந்தைகளே அதிகம் இறந்தார்கள். இரண்டுமே ஆன்டிபயாட்டிக் பற்றிய ஆய்வுகள் அல்ல. ஆனாலும் "அங்கே சரி, அதனால் இங்கேயும் சரி" என்று யாராவது சொன்னால் எனக்கு இவைதான் முதலில் நினைவுக்கு வரும்.

## வழி 1: காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் உடனே செஃப்ட்ரியாக்சோன்

உலகெங்கும் ஏழை நாட்டு அவசரப் பிரிவுகளில் எழுதப்படாத சட்டம் இதுதான். கேலி செய்வதற்கு முன் ஏன் இப்படி ஆனது என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஊசி. நிமோனியா, மூளைக்காய்ச்சல், டைஃபாய்டு, சிறுநீரகத் தொற்று எல்லாவற்றிலும் கை கொடுக்கும். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் பெரும்பாலும் டோஸ் மாற்ற வேண்டியதில்லை. காப்புரிமைக் காலம் முடிந்து பல நிறுவனங்கள் தயாரிப்பதால் மலிவு. கனுலா கிடைக்காவிட்டால் தசையிலும் போடலாம். ஒரே நர்ஸ் இருக்கும் இடத்தில் தினம் நான்கு வேளை பென்சிலினா, ஒரு வேளை இதுவா என்றால் யாரும் இதைத்தான் எடுப்பார்கள். நானும்தான்.

சரி, விலைச்சீட்டில் தெரியாத செலவு எங்கே?

முதல் செலவு, யோசனை நின்றுபோவது. "ஆன்டிபயாட்டிக் போட்டாச்சு" என்று கேஸ் ஷீட்டில் ஏறியதும் நோயைத் தேடும் வேகம் விழுந்துவிடுகிறது. வடக்குத் தான்சானியாவில் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட 870 பேரைப் பற்றிய 2013ஆம் ஆண்டு ஆய்வு இதற்குப் பக்கத்துக் கதை. டாக்டர்கள் 60 சதவீதம் பேருக்கு மலேரியா என்று எழுதியிருந்தார்கள். உண்மையில் மலேரியாவால் வந்தது 1.6 சதவீதம். விரிவாகச் சோதித்துப் பார்த்தவர்களில் கால்வாசிப் பேருக்கு லெப்டோஸ்பைரோசிஸ், கியூ காய்ச்சல், புள்ளிக் காய்ச்சல், புரூசெல்லோசிஸ் போன்ற விலங்குவழி பாக்டீரியா நோய்கள் இருந்தன. கியூ காய்ச்சலும் புள்ளிக் காய்ச்சலும் செஃப்ட்ரியாக்சோனுக்குக் கட்டுப்படாது, அவற்றுக்கு டாக்சிசைக்ளின் வேண்டும். அன்றைக்கு மலேரியா இருந்த இடத்தில் இன்றைக்கு செஃப்ட்ரியாக்சோன் உட்கார்ந்திருக்கிறது. மலேரியா கார்டு நெகட்டிவ் என்றதும் கை தானாக ஆன்டிபயாட்டிக் பக்கம் போவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

இரண்டாவது, எதிர்ப்பு. மலாவியின் பிளான்டயர் நகரப் பெரிய மருத்துவமனையில் 1998 முதல் 2016 வரை ரத்தக் கல்ச்சர்களை (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைகளை) விடாமல் பதிவு செய்து வந்தார்கள். ஏழை நாட்டிலிருந்து இவ்வளவு நீண்ட பதிவு கிடைப்பதே அபூர்வம். செஃப்ட்ரியாக்சோனை உடைத்துப்போடும் நொதி கொண்ட ஈ. கோலை பாக்டீரியா 2003இல் 0.7 சதவீதம், 2016இல் 30 சதவீதம். கிளெப்சியெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவில் 12 சதவீதத்திலிருந்து 90 சதவீதம். இடைப்பட்ட காலத்தில்தான் செஃப்ட்ரியாக்சோன் அங்கே தாராளமாகப் புழக்கத்துக்கு வந்தது. கிளெப்சியெல்லா 90 சதவீதம் என்றால், அந்தக் கிருமி உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நாம் ஊற்றுவது ஏறக்குறைய தண்ணீர். அடுத்த படியில் இருக்கும் மெரோபெனெம் பல மருத்துவமனைகளில் கிடைக்கவே கிடைக்காது.

மூன்றாவது, கை வேலை. ஒரு ஊசிக்குக் குப்பியைத் திறந்து, பத்து மில்லி ஊசித் தண்ணீர் விட்டு, வெள்ளைப் பொடி தெளியும் வரை குலுக்கி, இரண்டு முதல் நான்கு நிமிடம் மெதுவாகச் செலுத்தி, எழுதி முடிக்கப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு இருநூறு நிமிடம். உண்மையிலேயே ஷாக்கில் இருக்கும் ஒருவர் அந்த வரிசையில் பதினைந்தாவது ஆளாக நிற்பார். "எல்லோருக்கும் உடனே" என்பது நடைமுறையில் "யாருக்கும் உடனே இல்லை" என்று முடிவது இப்படித்தான். அப்புறம், அவசரப் பிரிவில் அதிகம் ஓடும் ட்ரிப்ஸ்களில் ஒன்று ரிங்கர் லாக்டேட். அதில் கால்சியம் இருக்கிறது. செஃப்ட்ரியாக்சோனும் கால்சியமும் ஒரே குழாயில் சந்தித்தால் படிகமாக உறைந்துவிடும். பெரியவர்களுக்கு ட்ரிப்ஸை நிறுத்தி, குழாயை சலைன் விட்டுக் கழுவிய பிறகே போட வேண்டும். கால்சியம் கலந்த ட்ரிப்ஸ் தேவைப்படும் பச்சிளங்குழந்தைக்கு இந்த மருந்தே கூடாது. அவசரத்தில் முதலில் விட்டுப்போவது அந்தக் கழுவல்தான்.

எப்போது இதுவே சிறந்தது: ஷாக், கழுத்து விறைப்போடு காய்ச்சல், நினைவு தப்பிய நோயாளி, பல மணி நேரத் தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர். இவர்களிடம் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

## வழி 2: ஷாக்குக்கு உடனே, மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம்

முதல் வழியின் வரிசைக் குழப்பத்துக்கு இது நேரடி மருந்து. வாசலிலேயே மூச்சு, பிபி, நினைவு மூன்றையும் பார்த்து இரண்டாகப் பிரிப்பது. புதிய கருவி எதுவும் வேண்டாம், பிபி கருவியும் கடிகாரமும் போதும்.

ஆனால் மூன்று மணி நேரம் கிடைப்பதால் மட்டும் என்ன பயன்? அந்த நேரத்தில் எதையாவது தெரிந்துகொள்ள முடிந்தால்தான் காத்திருப்பதற்கு அர்த்தம். லேப் மூடியிருக்கிறது, எக்ஸ்ரே பழுது என்றால் மூன்று மணி நேரம் வெறும் தாமதம். லேப் இல்லாவிட்டாலும் நான்கு வேலைகள் மிச்சமிருக்கின்றன: துணியை விலக்கி உடம்பு முழுக்கத் தோலைப் பார்ப்பது (பூச்சி கடித்த கருகிய புண் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ ஒளிந்திருக்கும்), சிறுநீர் ஸ்ட்ரிப், எச்.ஐ.வி. துரிதச் சோதனை, மூச்சையும் பிபியையும் மறுபடி எண்ணுவது. எச்.ஐ.வி. உறுதியாகி ஆளும் மோசமாக இருந்தால் சிறுநீரிலேயே காசநோய் தேடும் கார்டு சோதனை இருக்கிறது, அரை மணி நேரத்துக்குள் முடிவு தரும். உலக சுகாதார நிறுவனம் 2015 முதல் அதைப் பரிந்துரைத்து வருகிறது.

இந்த வழியின் ஓட்டை எங்கே என்றால், மறுபடி எண்ணுவதற்கு ஆள் வேண்டும். காலை நான்கு மணிக்கு அந்தப் பெண்ணின் பிபி 80க்கு விழுந்தால் யார் கவனிப்பார்கள்? ஒரே நர்ஸ், இருபது பேர். கூட இருக்கும் உறவினரிடம் "மூச்சு வேகமானால், குழறினால், கை கால் சில்லிட்டால் உடனே கூப்பிடுங்கள்" என்று சொல்லி வைப்பது மட்டமான யோசனை அல்ல. பல வார்டுகளில் நடப்பதே அதுதான்.

எப்போது சிறந்தது: வாசலில் பிரித்துப் பார்க்கப் பழகிய ஒரு நர்ஸ் இருந்து, மணிக்கு ஒரு முறை மறுபார்வை நடக்கும் என்று நம்ப முடிகிற இடத்தில்.

## வழி 3: சோதனை சொல்வதைக் கேட்பது

விரல் நுனி ரத்தத்தில் சில நிமிடத்தில் வரும் சிஆர்பி (உடம்பில் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவு), அதே போன்ற ஆனால் விலை கூடிய புரோகால்சிடோனின், அப்புறம் டேப்லெட்டில் கேள்வி கேட்டு வழிநடத்தும் மென்பொருள். காதுக்கு மிக இனிமையான வழி இது, நிதி கொடுப்பவர்களுக்கும் பிடிக்கும்.

பலன் உண்டு, ஆனால் எங்கே என்று பார்க்க வேண்டும். வியட்நாமில் மூச்சுப்பாதைத் தொற்றோடு வந்த சுமார் 2,000 பேரில் சிஆர்பி பார்த்த குழுவில் 64 சதவீதமும் பார்க்காத குழுவில் 78 சதவீதமும் ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டார்கள். மியான்மர், தாய்லாந்தில் காய்ச்சலுக்கு இதைச் செய்தபோது வித்தியாசம் இன்னும் சின்னது: 34 சதவீதம், 39 சதவீதம். தான்சானியாவில் குழந்தைகளுக்கு மென்பொருளும் துரிதச் சோதனைகளும் சேர்ந்த வழியில் ஆன்டிபயாட்டிக் 11.5 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் போனது, ஒப்பிட்ட வழியில் 29.7 சதவீதம். சிகிச்சை தோற்பதும் கூடவில்லை, குறைந்தது. அருமையான முடிவு.

ஆனால் இவை எல்லாமே நடந்து வந்து நடந்து போகும் நோயாளிகளிடம் செய்தவை. அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வரப்படுபவருக்கு அதே எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. சிஆர்பி ஏற ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், எனவே காலையில் தொடங்கிய தொற்றுக்கு மாலையில் எண் பொய் சொல்லலாம். எண் கூடினால் பாக்டீரியா என்றும் பொருளில்லை. மலேரியாவிலும் காசநோயிலும் அது ஏறும். குறைந்த எண், சாதாரண இருமலோடு வந்தவரைத் தைரியமாக வீட்டுக்கு அனுப்ப உதவும். ஷாக்கில் இருப்பவருக்கு ஊசியை நிறுத்தி வைக்க உதவாது.

மறைந்த செலவும் இங்கேதான் அதிகம். கருவி நன்கொடையாக வரும், அதில் போடும் சோதனைக் கேசட் வராது. கேசட் வந்தால் குளிர்பெட்டி இருக்காது. முதல் ஆறு மாதம் ஓடி, பிறகு மேசை மூலையில் தூசி படியும் கருவிகள் எத்தனை!

ரத்தக் கல்ச்சரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிருமி எது என்று சொல்வதில் அதற்கு ஈடு இல்லை, ஆனால் அது முதல் மணி நேரத்துக்கான சோதனை அல்ல, மூன்றாம் நாளுக்கான சோதனை. ஊசிக்கு முன் எடுத்தால்தான் மதிப்பு: வட அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், மருந்துக்கு முன் எடுத்ததில் 31 சதவீதமும், மருந்து தொடங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் அதே நோயாளிகளிடம் எடுத்ததில் 19 சதவீதமும் கிருமி வளர்ந்தது. பெரியவருக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம். மூன்று மில்லி போட்டுவிட்டு "நெகட்டிவ்" என்று மகிழ்வதில் பொருளில்லை. இவ்வளவும் லேப் இருந்தால்தான். பதினான்கு ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் 50,000 லேப்களைக் கணக்கெடுத்தபோது பாக்டீரியா வளர்த்துச் சோதிப்பவை 1.3 சதவீதம் மட்டுமே.

எப்போது சிறந்தது: வீட்டுக்கு அனுப்பப்போகும், நிலையான நோயாளிகள், குறிப்பாகக் குழந்தைகள். கேசட் தொடர்ந்து வரும் என்ற உறுதியும் வேண்டும்.

## வழி 4: நோய்க்கு ஏற்ற குறுகிய மருந்து

உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரித்தது. அந்த 'அவேர்' பட்டியலில் தாராளமாகப் பயன்படுத்தத் தக்கவை அக்ஸஸ், கவனத்தோடு பயன்படுத்த வேண்டியவை வாட்ச், கடைசிக் கையிருப்பு ரிசர்வ். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், ஜென்டாமைசின், டாக்சிசைக்ளின் எல்லாம் அக்ஸஸ். செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோஃப்ளாக்சசின், மெரோபெனெம் வாட்ச். 2030க்குள் மனிதர்களுக்குப் பயன்படும் ஆன்டிபயாட்டிக்கில் 70 சதவீதம் அக்ஸஸ் ஆக இருக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2024இல் உலக அளவில் இலக்கு வைத்தது.

வாட்ச் என்றால் தடை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை. பெரியவருக்கு இடம் தெரியாத செப்சிஸ் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் கையேடே செஃப்ட்ரியாக்சோனோடு ஜென்டாமைசின் அல்லது அமிகாசின் சேர்க்கச் சொல்கிறது. சாதாரண நிமோனியாவுக்கு அமாக்சிசிலின், எளிய சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின், பச்சிளங்குழந்தை செப்சிஸுக்கு ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் என்று நோயைப் பிரித்துக்கொண்டு போவதுதான் இதன் சாரம்.

இதில் மறைந்திருக்கும் செலவு டோஸ் பிழை. ஜென்டாமைசின் பல இடங்களில் 80 மில்லிகிராம் ஆம்பியூலாக வருகிறது. ஒரு ஆம்பியூல்தான் ஒரு டோஸ் என்று கை பழகிவிடுகிறது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு 300 மில்லிகிராம், ஏறக்குறைய நான்கு ஆம்பியூல். ஒன்றைப் போட்டுவிட்டு "ஜென்டா கேட்கவில்லை" என்று செஃப்ட்ரியாக்சோனுக்குத் தாவுவது மருந்தின் மேல் போடும் பொய் வழக்கு. சிறுநீரகத்தையும் காதையும் பற்றிய பயம் உண்மைதான். ஆனால் அது நாள்கணக்கில் நீளும்போது வரும் ஆபத்து, ஒரு டோஸுக்குத் தயங்கக் காரணமல்ல.

சிப்ரோவும் லெவோஃப்ளாக்சசினும் இன்னொரு கண்ணி. காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்குவதால், இருமலுக்கு அவற்றை எழுதினால் ஆள் கொஞ்சம் தேறுவார், சளிச் சோதனை நெகட்டிவ் ஆகும், நோய் கண்டுபிடிக்க மாதங்கள் தள்ளிப்போகும். காசநோய் அதிகமுள்ள இடத்தில் இருமல் நோயாளிக்கு இந்த இரண்டையும் தொடக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எப்போது சிறந்தது: தொற்று எங்கே என்று தெரிந்தவர்கள் எல்லோருக்கும். தெரியாதவர்களுக்கு இது மட்டும் போதாது.

## வழி 5: தொடங்கு, 48 மணி நேரத்தில் நிறுத்தவும் தயாராக இரு

முதல் நான்கு வழிகளும் முதல் ஊசியைப் பற்றிக் கவலைப்படுகின்றன. எதிர்ப்பையும் செலவையும் அதிகம் ஏற்றுவது முதல் ஊசி அல்ல, யாரும் கேள்வி கேட்காமல் தொடரும் நான்காவது, ஐந்தாவது, ஏழாவது ஊசி. சந்தேகத்தில் போட்ட ஒரு டோஸ் வீணானால் நட்டம் ஒரு டோஸ். சந்தேகத்தில் தொடங்கி, வார்டுக்குப் போய், அங்குள்ளவர் "அவசரப் பிரிவில் ஏதோ தெரிந்துதான் தொடங்கியிருப்பார்கள்" என்று தொடர்ந்தால் நட்டம் ஏழு நாள். அவசரப் பிரிவு டாக்டரோ "வார்டில் பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைத்திருப்பார். இரண்டு மரியாதைக்கும் நடுவில் ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதே பிளான்டயர் மருத்துவமனையில் இதை மாற்ற முயன்றார்கள். உள்ளூர் கிருமிகளுக்கு ஏற்ற வழிகாட்டி ஒன்றைக் கைபேசிச் செயலியாகக் கொடுத்து, யார் என்ன எழுதுகிறார்கள் என்று குறிப்பிட்ட இடைவெளியில் கணக்கெடுத்தார்கள். பெரியவர்களுக்கு எழுதிய ஆன்டிபயாட்டிக்கில் செஃப்ட்ரியாக்சோன் குடும்பத்தின் பங்கு 80 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாக இறங்கியது. இறப்பு கூடவில்லை. அதிநவீன லேப் வந்து செய்த வேலை அல்ல இது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஊசி எழுதும்போதே மூன்று விஷயம் கேஸ் ஷீட்டில்: எந்த நோய் என்று சந்தேகம், எந்தத் தேதி எத்தனை மணிக்கு மறுபார்வை, அன்று என்ன கண்டால் நிறுத்துவது. மருந்தகம் இரண்டு நாளுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மறுபார்வை தானாக நடக்கும், ஏனென்றால் மூன்றாம் நாள் மருந்துக்கு யாராவது கையெழுத்துப் போட்டாக வேண்டும். நிறுத்த முடியாவிட்டாலும் மாத்திரைக்கு மாற்றலாம். கனுலா போகும், அதோடு கனுலா வழி வரும் தொற்றும் போகும், நர்ஸுக்குத் தினம் பத்து நிமிடம் திரும்பக் கிடைக்கும்.

ஓட்டைகள் உண்டு. உறவினர்கள் ஏழு நாள் மருந்தையும் முதல் நாளே வாங்கிவிட்டால் மூன்றாம் நாள் நிறுத்தச் சொல்வது அவர்களுக்கு அவமானம்போலத் தெரியும், காசு போயிற்றே என்றிருக்கும். அதனால் சீட்டில் முதலிலேயே இரண்டு நாளுக்கு மட்டும் எழுதுங்கள். இன்னொன்று, காய்ச்சல் இறங்கிவிட்டது என்பதால் மருந்துதான் இறக்கியது என்று முடிவு கட்டுவது. வைரஸ் காய்ச்சலும் மூன்றாம் நாள் இறங்கும். நிறுத்துவதற்கு, தொடங்குவதைவிடத் துணிச்சல் வேண்டும். அது பெரும்பாலும் டியூட்டியில் இருக்கும் இளையவரிடம் இருக்காது. மூத்தவர் காலை ரவுண்டில் ஒரு முறை வாய்விட்டு "இதை நிறுத்தலாம்" என்று சொல்வது பத்துச் சுற்றறிக்கைக்குச் சமம்.

எப்போது சிறந்தது: வார்டில் சேர்க்கப்படும் எவருக்கும். எப்போது உதவாது: ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பப்படுபவருக்கு. அவரை 48 மணி நேரம் கழித்துப் பார்க்கப்போவது யாரும் இல்லை.

## வீட்டுக்குப் போகிறவர்கள்

இவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். மலாவியில், நிமோனியா நெறிப்படி வேகமான மூச்சு மட்டும் உள்ள, எச்.ஐ.வி. இல்லாத குழந்தைகளுக்கு அமாக்சிசிலினையும் வெற்று மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான்காம் நாளில் சிகிச்சை தோற்றது அமாக்சிசிலின் குழுவில் 4 சதவீதம், வெற்று மருந்துக் குழுவில் 7 சதவீதம். ஒரு குழந்தைக்குச் சிகிச்சை தோற்பதைத் தடுக்க 33 பேருக்குக் கொடுக்க வேண்டும். மறுநாளே மறுபடி வரக்கூடிய தூரத்தில் வீடு இருந்தால் காத்திருக்கலாம் என்று வாதாடலாம். அரை நாள் நடந்து வந்த தாயிடம் நான் வாதாட மாட்டேன், மூன்று நாள் அமாக்சிசிலின் கொடுத்து அனுப்புவேன். தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்குக்கும் சளிக்கும் எந்த வழியிலும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். ரத்தம் கலந்து போனால், காலரா கடுமையாக இருந்தால் வேறு விஷயம்.

## ஒரே பார்வையில்

| வழி | என்ன இருந்தால் நடக்கும் | மறைந்த செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| எல்லோருக்கும் உடனே | குப்பி, கனுலா | யோசனை நிற்பது, எதிர்ப்பு, ஊசி வரிசை | ஷாக், மூளைக்காய்ச்சல், நினைவு தப்பியவர் |
| ஷாக் முதலில், மற்றவர்களுக்கு 3 மணி நேரம் | வாசலில் பிரிக்கும் நர்ஸ், மறுபார்வை | கவனிக்காமல் விட்டால் சரிவு | நிலையாக இருக்கும், காரணம் தெரியாத காய்ச்சல் |
| சோதனை வழி | தொடர்ந்து வரும் கேசட் | முடங்கும் கருவி, தவறான தைரியம் | வீட்டுக்குப் போகும் நோயாளிகள், குழந்தைகள் |
| குறுகிய மருந்து | உள்ளூர் வழிகாட்டி, சரியான டோஸ் | குறைந்த டோஸ், அதிக வேளை ஊசி | தொற்றின் இடம் தெரிந்தவர்கள் |
| தொடங்கி 48 மணியில் மறுபார்வை | தேதி எழுதும் பழக்கம், மூத்தவரின் ஆதரவு | முன்கூட்டியே வாங்கிய மருந்து, தயக்கம் | வார்டில் சேருபவர்கள் |

மருந்தின் தரத்துக்கு அட்டவணையில் இடமில்லை, ஆனால் ஐந்து வழிகளுக்கும் அடியில் அது இருக்கிறது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் புழங்கும் மருந்துகளில் பத்தில் ஒன்று தரமற்றது அல்லது போலி என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. சரியான மருந்து, சரியான டோஸ், ஆனாலும் கேட்கவில்லை என்றால் குப்பியையும் சந்தேகிக்கலாம்.

## அந்த இரவு ஒரு மணிப் பெண்

வயிறு, கழுத்து, தோல், சிறுநீர் எல்லாம் பத்து நிமிடத்தில் பார்த்தாகிவிட்டது. கழுத்து விறைப்பு இல்லை. சிறுநீரில் ஒன்றுமில்லை. எச்.ஐ.வி. நெகட்டிவ். உள்ளங்கை சூடாக இருக்கிறது, நகத்தை அழுத்தி விட்டால் உடனே சிவக்கிறது. ஷாக் இல்லை. ஆனால் 96 என்ற பிபியும் 24 மூச்சும் எனக்குப் பிடிக்கவில்லை, மறுபடி எண்ண ஆளும் இல்லை. மூன்று மணி நேரம் காத்திருக்கும் வசதி காகிதத்தில் இருக்கிறது, இந்த வார்டில் இல்லை.

கல்ச்சர் பாட்டில் இருந்தால் பத்து மில்லி எடுத்து வைத்துவிட்டு செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம், ஜென்டாமைசின் ஒரு டோஸ். புள்ளிக் காய்ச்சல் உள்ள பகுதி என்றால், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு டாக்சிசைக்ளின் மாத்திரையும். ரிங்கர் லாக்டேட் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தி, சலைன் விட்டுக் குழாயைக் கழுவிய பிறகு. வெளியே வாங்கச் சொன்னால் இரண்டு நாளுக்கு மட்டும் சீட்டு. கேஸ் ஷீட்டில் பெரிய எழுத்தில்: "காரணம் தெரியாத காய்ச்சல், செப்சிஸ் சந்தேகம். காலை 8 மணி: லேப், மலேரியா ஸ்லைடு. நாளை மறுநாள் காலை 8 மணி: நிறுத்தலாமா என்று பார்க்க." கீழே என் பெயரும் போன் நம்பரும்.